மசில்லோடருக்கு வேட்டை லோடு பிடிக்கிறது எப்படி: புதுசா வர்றவங்களுக்கு

மசில்லோடர்னா குழல் வாய் வழியா மருந்தையும் குண்டையும் கெட்டிச்சு சுடுற துப்பாக்கி. இதுல தோட்டா கிடையாது, அதனால ஃபேக்டரியில அளந்து அடைச்சு டப்பாவுல போட்டு விக்கிற லோடும் கிடையாது. எவ்வளவு மருந்து, என்ன குண்டு, அதைச் சுத்துற துணி என்ன தடிமன், இதெல்லாம் சேந்ததுதான் லோடு, அதை உங்க துப்பாக்கிக்கு ஏத்தபடி நீங்களே சுட்டு சுட்டுப் பாத்துத்தான் கண்டுபிடிக்கணும். ஒரே கம்பெனி ஒரே மாடல் ரெண்டு பேரல் இருந்தாலும் ரெண்டுக்கும் ஒரே லோடு ஒத்துவரும்னு சொல்ல முடியாது. அதனால "எனக்கு 80 கிரெயின் சூப்பரா போகுது"ன்னு (கிரெயின்னா மருந்தை அளக்கிற அளவு) ஒருத்தர் சொன்னா அது அவரோட பேரலைப் பத்தின தகவல், உங்க பேரலைப் பத்தி அது ஒண்ணும் சொல்லலை.

இது அமெரிக்காவுல லைசென்ஸும் டேக்கும் (இன்ன மிருகத்தைச் சுடலாம்னு குடுக்கிற சீட்டு) எடுத்து மான், எல்க் (பெரிய மான் வகை), கரடின்னு பெரிய மிருக வேட்டைக்குப் போறவங்களுக்காக எழுதுறது. இந்தியாவுல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம், அங்க இருக்கிறவங்க இதை சும்மா தெரிஞ்சுக்க மட்டும் படிங்க.

முதல்ல சட்டப் புத்தகம், அப்புறம்தான் மருந்து

லோடு தேட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உங்க மாநிலத்தோட வேட்டை விதிகளை எடுத்து மசில்லோடர் பக்கத்தை வரி விடாம படிங்க. பல பேரு இதைக் கடைசியில படிச்சுட்டு, வாங்கின குண்டு பூரா வேஸ்ட்னு உக்காந்திருப்பாங்க. உதாரணத்துக்கு கொலராடோவுல செப்டம்பர்ல, எல்க் கத்துற காலத்துல வர்ற மசில்லோடர் சீசனுக்கு ஸ்கோப் கூடாது, சாபோ (குண்டைச் சுத்தி வர்ற பிளாஸ்டிக் உறை) கூடாது, பெல்லட்டா அமுக்கின மருந்து கூடாது, தூள் மருந்துதான். மானுக்கு குறைஞ்சது .40 காலிபர் (குழல் வாயோட அகலம், இஞ்ச்ல), எல்க்குக்கும் மூஸுக்கும் குறைஞ்சது .50. ஐடஹோ, ஒரிகன் பக்கம் கேப்பு (மருந்தைப் பத்தவைக்கிற குட்டி வெடிமூடி) வெளிய தெரியுற மாதிரி இருக்கணும், அப்படின்னா கேப்பு குழலுக்கு நேர் பின்னாடி உள்ள உக்கார்ற மாடர்ன் இன்லைன் துப்பாக்கி நிறைய அங்க செல்லாது. பென்சில்வேனியாவுல கிறிஸ்துமஸ் முடிஞ்சு வர்ற சீசனுக்கு ஃப்ளின்ட்லாக் (கேப்புக்கு பதிலா தீக்கல் பொறியால மருந்தைப் பத்தவைக்கிற பழைய வகை) மட்டும்தான். கலிஃபோர்னியாவுல 2019 ஜூலையில இருந்து எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கிடையாது, அங்க போறவங்க ஆரம்பத்துலயே செம்பு குண்டு பக்கம் போயிடணும். இதெல்லாம் வருஷத்துக்கு வருஷம் திருத்துவாங்க, அதனால இந்த வருஷப் புத்தகத்தைப் பாருங்க, போன வருஷத்தது வேண்டாம்.

அடுத்தது துப்பாக்கியோட மேனுவல். அதுல அதிகபட்ச லோடு எவ்வளவுன்னு போட்டிருப்பான், உருண்டைக் குண்டுக்கு ஒண்ணு, கனமான நீளக் குண்டுக்கு வேற ஒண்ணு. அந்த நம்பர்தான் உங்க கூரை, அதுக்கு மேல ஒரு கிரெயின் கூட போகக் கூடாது. பழைய துப்பாக்கி, மேனுவல் தொலைஞ்சு போச்சுன்னா கம்பெனிக்கு எழுதிக் கேளுங்க, இல்ல வெப்சைட்ல தேடுங்க. யார் செஞ்சதுன்னே தெரியாத பழைய பேரலா இருந்தா ஒரு நல்ல கன்ஸ்மித் உள்ள விளக்கு விட்டுப் பாத்து ஓகே சொல்ற வரைக்கும் சுடவே வேண்டாம்.

ட்விஸ்ட் தெரியாம குண்டு வாங்காதீங்க

பேரலுக்குள்ள இருக்கிற ரைஃப்ளிங் வரி எத்தனை இஞ்ச்ல ஒரு முழு சுத்து சுத்துதுங்கிறதுதான் ட்விஸ்ட். 66 இஞ்ச், 70 இஞ்ச்ல ஒரு சுத்துன்னா மெதுவான ட்விஸ்ட், அது துணி சுத்தின உருண்டைக் குண்டுக்குன்னே வெட்டினது. 28 இஞ்ச் பக்கம்னா வேகமான ட்விஸ்ட், கூம்பு மாதிரி நீளமான கோனிகல் குண்டுக்கும், பிளாஸ்டிக் சாபோக்குள்ள வர்ற குண்டுக்கும். நடுவுல 48 இஞ்ச், 1970ல வந்த தாம்ஸன் சென்டர் ஹாக்கன் மாதிரியான துப்பாக்கிகள்ல இதுதான் இருக்கும், ரெண்டையும் சுமாரா சுடும். பேரல்லயே பொறிச்சிருப்பான், இல்லன்னா க்ளீனிங் ராடுல இறுக்கமா ஒரு பேட்ச் போட்டு உள்ள விட்டு இழுக்கும்போது ராடு எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு திரும்புதுன்னு அளந்துக்கலாம்.

66 இஞ்ச் ட்விஸ்ட் பேரல்ல 300 கிரெயின் சாபோ குண்டைப் போட்டுட்டு மருந்தை ஏத்தி இறக்கிக்கிட்டே இருந்தா சீசன் முடிஞ்சிடும், குரூப் வராது, அதாவது ஷாட்டெல்லாம் நெருக்கமா ஒரே இடத்துல விழாது. குண்டும் ட்விஸ்டும் பொருந்தலைன்னா மருந்தால ஒண்ணும் பண்ண முடியாது.

மருந்து

கருமருந்துன்னா வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10, காலங்காலமா இதே கணக்குதான். ஸ்விஸ், கோயெக்ஸ், ஷூட்ஸன் இதெல்லாம் இன்னைக்கு கடையில கேக்கிற பேரு. தூளோட பருமனை எஃப் எழுத்தால சொல்வாங்க, எஃப் கூடக் கூட தூள் நைஸ். ரெண்டு எஃப் பொதுவா .50, .54 ரைஃபிளுக்கு, மூணு எஃப் .45க்கும் அதுக்குக் கீழயும், நாலு எஃப் ஃப்ளின்ட்லாக்கோட கிண்ணத்துல போடுறதுக்கு மட்டும். .50ல மூணு எஃப் போட்டு நல்லா சுடுறவங்களும் இருக்காங்க, ஆனா அதே அளவுக்கு மூணு எஃப் அழுத்தம் கூடக் குடுக்கும், அதனால மேனுவல்ல இருந்தாதான் போகணும், அப்பவும் அளவைக் குறைச்சு ஆரம்பிக்கணும்.

கருமருந்துக்கு பதிலா வர்றது பைரோடெக்ஸ், ட்ரிபிள் செவன், பிளாக்ஹார்ன் 209 இதெல்லாம். பைரோடெக்ஸ் பத்திக்க கருமருந்தை விட சூடு அதிகம் வேணும், அதனால ஃப்ளின்ட்லாக்ல ஒழுங்கா வேலை செய்யாது, கேப்பு துப்பாக்கிக்கு ஓகே. ட்ரிபிள் செவன் பலம் கூட, கருமருந்து லோடுக்கு சமமா வேணும்னா 15 சதவீதம் குறைச்சு அளக்கணும்னு கம்பெனியே சொல்லுது. பிளாக்ஹார்ன் 209 ஷாட்கன் ப்ரைமர் போடுற இன்லைனுக்கு மட்டும்தான், சாதா 11ம் நம்பர் கேப்பால அது நம்பிக்கையா பத்தாது.

இப்ப ஒண்ணு கவனமா படிங்க. மசில்லோடர்ல மருந்துக்கு கிரெயின்னு சொல்றது கன அளவு, தராசு எடை இல்ல (குண்டுக்குச் சொல்ற கிரெயின் எடைதான்). 80 கிரெயின் கோடு வரைக்கும் அளவைக் குழாய்ல நிரப்பினா அது 80 கிரெயின் லோடு. கருமருந்துல கிட்டத்தட்ட ரெண்டும் ஒண்ணாதான் வரும், ஆனா மாத்து மருந்துகள் எடை கம்மி, 80 கிரெயின்னு தராசுல நிறுத்துப் போட்டீங்கன்னா அளவுக்கு மேல ஏகப்பட்டது போயிடும். பிளாக்ஹார்ன்ல மட்டும் நிறுத்துப் போடுறவங்க உண்டு, அதுக்கு கம்பெனி குடுத்த கணக்கு கன அளவோட 0.7 மடங்கு, அதாவது 100 கிரெயின் கன அளவுன்னா தராசுல 70.

ஸ்மோக்லெஸ் மருந்து, அதாவது சாதாரண ரைஃபிள் தோட்டாவுல இருக்கிற மருந்து, எக்காரணம் கொண்டும் இதுக்குள்ள போகக் கூடாது. கொஞ்சம் போட்டா என்ன, கலந்து போட்டா என்னன்னு கேக்கவே கேக்காதீங்க, பேரல் வெடிச்சு கையும் கண்ணும் போனவங்க கதை நிறைய இருக்கு. ஸ்மோக்லெஸ்ஸுக்குன்னே செஞ்ச ஒண்ணு ரெண்டு மாடல் இருக்கிறது உண்மைதான், அது வேற உலகம், புதுசா வர்றவங்க அந்தப் பக்கம் பாக்க வேண்டாம்.

பெல்லட் சௌகரியம்தான், ரெண்டைப் போட்டா 100, மூணைப் போட்டா 150, அளவையே வேண்டாம். ஆனா 50 50ஆ தாவும்போது நடுவுல இருக்கிற நல்ல லோடு எதுன்னு எப்படித் தெரியும்? லோடு பிடிக்கிறதுன்னா தூள் மருந்துதான் சரி.

குண்டும் துணியும்

.50 துப்பாக்கிக்கு வழக்கமான உருண்டை .490 இஞ்ச், சுத்த ஈயத்துல 177 கிரெயின் எடை. .54க்கு .530, அது சுமார் 225 கிரெயின். காலிபர் கொஞ்சம் கூடினாலே எடை எப்படி ஏறுது பாருங்க, எல்க்குக்கு உருண்டையோட போறவங்க .54 எடுக்கிறது இதனாலதான். மானுக்கு .50 உருண்டை தாராளம். கெட்டியான கலப்பு ஈயம் வேண்டாம், மெதுவான சுத்த ஈயம்தான் துணி நெசவைப் பிடிச்சுக்கும், மிருகத்துல பட்டா விரியும்.

துணி காட்டன்தான், பில்லோ டிக்கிங்னு விக்கிற கெட்டி நெசவு நல்லது, பாலியஸ்டர் கலந்தது உருகிடும். தடிமன் .010ல இருந்து .020 வரைக்கும் கிடைக்கும், .015ல ஆரம்பிங்க. துணிக்கு எண்ணெய்ப் பசை வேணும், தேன்மெழுகும் மாட்டுக் கொழுப்பும் கலந்தது, மிங்க் ஆயில், கடையில விக்கிற ரெடிமேட் லூப் எதுவானாலும் சரி, ஆனா மோட்டார் ஆயில் கிரீஸ் இதெல்லாம் கருமருந்தோட சேந்தா கருப்பா தார் கணக்கா அடிப்பிடிச்சிடும், தொடவே வேண்டாம்.

கோனிகல் குண்டுன்னா துணி கிடையாது, குண்டுலயே பசை தடவி உள்ள தள்ளுறது. எடை ரெண்டு மடங்கு இருக்கும், ஆழமாப் போகும், உதை பலமா இருக்கும், மருந்து கம்மியாதான் கேக்கும். ஒரு தொல்லை இருக்கு, துப்பாக்கியை வாய் கீழ பாக்கிற மாதிரி தோள்ல மாட்டி நடந்தீங்கன்னா சில கோனிகல் மெதுவா முன்னாடி நழுவி வந்துடும், மருந்துக்கும் குண்டுக்கும் நடுவுல இடைவெளி விழுந்துடும். அந்த இடைவெளியோட சுட்டா பேரல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். காட்டுல அப்பப்ப ராம்ராடை (குண்டைத் தள்ளுற கோல்) விட்டு அழுத்திப் பாக்கணும்.

ரேஞ்சுக்கு (சுட்டுப் பழகுற இடத்துக்கு) போகும்போது

மருந்து அளவை, குண்டை வாய்க்குள்ள முதல்ல இறக்குற குட்டிக் கோலான ஷார்ட் ஸ்டார்ட்டர், நல்ல மெட்டல் ரேஞ்ச் ராடு, க்ளீனிங் பேட்ச் நிறைய, குண்டை இழுத்து எடுக்கிற புல்லர், கேப்பு உக்கார்ற நிப்பிளைக் கழட்டுற நிப்பிள் ரெஞ்ச், கண்ணாடி, காதடைப்பு, நோட்டு பேனா. துப்பாக்கியோட வர்ற மரக் கோலை ரேஞ்ச்ல நாள் பூரா பாவிக்காதீங்க, அது நார் பிளந்து உடைஞ்சா முனை உள்ளங்கையில ஏறும். எந்தக் கோலா இருந்தாலும் பேரல் வாய்க்குப் பக்கத்துல பிடிச்சு ஒரு சாண் ஒரு சாணா தள்ளணும், மேல உச்சியைப் பிடிச்சு ஒரே தள்ளா தள்ளக் கூடாது.

மருந்து டப்பாவை மூடி பெஞ்ச்ல இருந்து தள்ளி வையுங்க, பக்கத்துல யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது. டப்பாவுல இருந்தோ ஃப்ளாஸ்க்ல இருந்தோ நேரா பேரலுக்குள்ள கொட்டக் கூடாது, அளவையில ஊத்தி, டப்பாவை மூடி வெச்சுட்டு, அளவையில இருந்துதான் பேரலுக்கு. உள்ள ஒரு கங்கு மிச்சம் இருந்தா 80 கிரெயின் பத்துறதுக்கும் கையில இருக்கிற முழு டப்பா பத்துறதுக்கும் வித்தியாசம் நான் சொல்லத் தேவையில்ல.

முதல் வேலை, துப்பாக்கி காலின்னு உறுதி பண்றது. ராடை அடி வரைக்கும் விட்டு வாய் மட்டத்துல ஒரு கோடு போடுங்க, இது காலிக் கோடு. அப்புறம் ஆல்கஹால் தொட்ட பேட்ச்ல உள்ள இருக்கிற எண்ணெயைத் துடைச்சு எடுங்க, வெறும் கேப்பு ரெண்டு மூணு போட்டு வாயை ஒரு காஞ்ச புல்லுப் பக்கம் காட்டி சுடுங்க, புல்லு அசைஞ்சா வழி திறந்திருக்குன்னு அர்த்தம். புதுசா வர்றவங்களுக்கு முதல் ஷாட் டுஸ்ஸுன்னு போறது முக்கால்வாசி இந்த எண்ணெயாலதான்.

கெட்டிக்கிற வரிசை எப்பவும் மாறக் கூடாது. மருந்து, பேரல் பக்கவாட்டுல ரெண்டு தட்டு, துணி, குண்டு, ஸ்டார்ட்டரால உள்ள இறக்கி, ராடால மருந்து மேல உறுதியா உக்கார வைக்கிறது, ராடை வெளிய எடுக்கிறது, வாய் டார்கெட் பக்கம் திரும்பின பிறகு கடைசியா கேப்பு. முகமும் உடம்பும் எப்பவும் வாய்க்கு நேரா வரக் கூடாது. குண்டு உக்காந்ததும் ராடுல ரெண்டாவது கோடு, இது லோடுக் கோடு. அடுத்தடுத்த ஷாட்டுல கோடு வாய்க்கு மேல தள்ளி நின்னா குண்டு இறங்கலை, இல்ல ரெண்டு லோடு விழுந்திருக்கு, ரெண்டுல எதுவானாலும் சுடக் கூடாது.

பேச்சு குடுத்துக்கிட்டே கெட்டிச்சா மருந்து போடாம குண்டை மட்டும் இறக்கிடுவீங்க. புல்லரால இழுத்து எடுக்கலாம், இல்ல நிப்பிளைக் கழட்டி கொஞ்சூண்டு மருந்தை அது வழியா விட்டு, குண்டு அடியில நல்லா உக்காந்திருக்கான்னு பாத்துட்டு, பாதுகாப்பான பக்கம் சுட்டுத் தள்ளலாம்.

கேப்பு வெடிச்சும் துப்பாக்கி சுடலைன்னா உடனே இறக்கிப் பாக்காதீங்க. டார்கெட் பக்கமே வெச்சு ஒரு நிமிஷமாவது நிக்கணும், தாமதமா வெடிக்கும்.

ஏணிப்படி

இப்ப விஷயத்துக்கு வரலாம். .50 சைட்லாக் (சுத்தியல் பக்கவாட்டுல இருக்கிற பழைய வகை), மெதுவான ட்விஸ்ட், .490 உருண்டை, .015 துணி, ரெண்டு எஃப் கருமருந்து, மேனுவல்ல உச்சம் 100ன்னு வெச்சுக்குவோம். ஆரம்பம் 50 கிரெயின். காலிபர் நம்பர் எவ்வளவோ அவ்வளவு கிரெயின்ல ஆரம்பிக்கிறது பழைய வழக்கம், அது தப்பில்லாத வழக்கம்.

முதல்ல 25 யார்டுல பேப்பர்ல பட்டா போதும். பட்டுச்சுன்னா 50 யார்டுக்குத் தள்ளுங்க, உறுதியான ரெஸ்ட்ல வெச்சு சுடுங்க. 50 கிரெயின்ல அஞ்சு ஷாட், அப்புறம் 60ல அஞ்சு, 70ல அஞ்சு, அதுக்கு மேல அஞ்சு அஞ்சு கிரெயினா ஏத்துங்க. ஒவ்வொரு லோடுக்கும் தனி பேப்பர், அதுலயே லோடை எழுதிடுங்க. குறி பாக்கிற சைட்டை இப்பத் திருகாதீங்க, குண்டு எங்க விழுதுங்கிறது இப்ப முக்கியம் இல்ல, ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு நெருக்கமா விழுதுங்கிறதுதான். மூணு ஷாட் குரூப் போதும்னு சொல்றவங்க இருக்காங்க, மூணு ஷாட் அதிர்ஷ்டத்துல ஒட்டிக்கிட்டு விழும், அஞ்சு அவ்வளவு சீக்கிரம் ஏமாத்தாது.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் நடுவுல ஈரமா ஒரு பேட்ச், காஞ்சதா ஒரு பேட்ச். எச்சில் தொட்டாலே போதும், தண்ணியில கரையுற ஆயில் கலந்து மூஸ் மில்க்னு ஒண்ணு செய்வாங்க அதுவும் நல்லாருக்கும். துடைக்காம சுட்டா மூணாவது ஷாட்ல இருந்து குண்டு இறங்கவே மல்லுக்கட்டும், ட்ரிபிள் செவன்ல அடியில வளையமா ஒரு கசடு வேற உக்காந்துக்கும். துடைக்கிறதுல இன்னொரு லாபமும் இருக்கு, மிச்சக் கங்கு அணைஞ்சுடும்.

ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. மருந்து மாத்துற நாள்ல துணி மாத்தக் கூடாது, துணி மாத்துற நாள்ல லூப் மாத்தக் கூடாது. பொறுமை இல்லாதவங்க மூணையும் ஒண்ணா மாத்திட்டு குரூப் சின்னதானதும் சந்தோஷப்படுவாங்க, எதனால சின்னதாச்சுன்னு கேட்டா முழிப்பாங்க, அடுத்த தடவை குரூப் விரிஞ்சா எங்க போய்த் தேடுறதுன்னும் தெரியாது.

குண்டை அழுத்துற பலமும் ஒவ்வொரு தடவையும் ஒண்ணா இருக்கணும். குத்துக்குத்துன்னு இடிச்சா ஈயம் சப்பையாகும், மருந்து நொறுங்கும். ஒரே சீரா அழுத்தி, உறுதியா உக்காந்ததும் நிறுத்திடுங்க. கை பழகலைன்னா காலித் துப்பாக்கியை எடை மெஷின் மேல நிறுத்தி 30, 40 பவுண்டு அழுத்தம்னா எவ்வளவுன்னு ஒரு தடவை அழுத்திப் பாத்துக்குங்க.

சுட்ட துணியைப் பொறுக்குங்க

உருண்டைக் குண்டுல இருக்கிற பெரிய வசதி இதுதான், சுட்ட துணி முன்னாடி பத்து பதினஞ்சு யார்டுல கிடக்கும். ரேஞ்ச்ல எல்லாரும் நிறுத்தி ஓகே சொன்ன பிறகு போய்ப் பொறுக்கி விரிச்சு வெச்சுப் பாருங்க. நடுவுல கருப்பு வட்டம், சுத்தி வரி வரியா ரைஃப்ளிங் தடம், ஓரம் லேசா பிசிறு, திரும்பவும் போட்டு சுடலாம் போல இருக்குன்னா அது நல்ல துணி. குண்டு உக்காந்த இடத்துல எரிஞ்ச ஓட்டைன்னா துணி மெல்லிசு, இல்ல பசை பத்தலை, இல்ல அந்தத் துணிக்கு மருந்து ஜாஸ்தி. வட்டத்தைச் சுத்தி கத்தியால கீறின மாதிரி வெட்டு இருந்தா பேரல் வாயிலயோ ரைஃப்ளிங்லயோ கூர்மையான விளிம்பு இருக்கு, புது பேரல்ல இது சகஜம், நிறைய சுடச் சுட மழுங்கிடும், ரொம்ப மோசம்னா கன்ஸ்மித்தால வாயை உருட்டி விட முடியும். துணி கந்தலா கிழிஞ்சு வந்தா துணியே பழசு, இத்துப் போனது.

எரியுதுன்னா முதல்ல துணியை .018க்கு ஏத்திப் பாருங்க. அதுவும் சரியா வரலைன்னா மருந்துக்கு மேல பசை தொட்ட ஃபெல்ட் வாட் (கம்பளி வட்டு) ஒண்ணு போட்டு குண்டை இறக்கலாம், அது நெருப்பைத் துணிகிட்ட விடாது. ஆனா எல்லா மருந்துக்கும் வாட் ஆகாது, டப்பாவுல என்ன போட்டிருக்குன்னு பாத்துட்டுப் போடுங்க. 80ல விரிஞ்சு கிடந்த குரூப் துணியை மட்டும் மாத்தினதும் ஒட்டிக்கிட்டு வர்றது அடிக்கடி நடக்கிற விஷயம், அதனால மருந்துலதான் கோளாறுன்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி கீழ கிடக்கிறதைப் பாருங்க.

எந்த லோடை எடுக்கிறது

ஏணி ஏறும்போது குரூப் மெல்ல சுருங்கி, ஒரு இடத்துல நல்லா இறுகி, அதுக்கு மேல போனா திரும்ப விரியும். நிறைய .50 பேரல்ல அந்த இடம் 70ல இருந்து 90க்குள்ள வரும். சில பேரல்ல ரெண்டு இடம் வரும், 60 பக்கம் ஒண்ணு, 85 பக்கம் ஒண்ணு. டார்கெட் போட்டிக்கு 60, வேட்டைக்கு 85ன்னு ரெண்டையும் எழுதி வெச்சுக்கலாம். 85ல 50 யார்டுக்கு ரெண்டு இஞ்ச், 95ல நாலு இஞ்ச்னா யோசிக்கவே வேண்டாம், 85தான்.

வேகம் வேகம்னு அலையுறது எனக்குப் பிடிக்கவே பிடிக்காத பழக்கம், உருண்டைக் குண்டு விஷயத்துல அது அர்த்தமும் இல்லாதது. உருண்டை காத்துல வேகத்தை இழக்கிற மாதிரி எதுவும் இழக்காது. செகண்டுக்கு 1800 அடி வேகத்துல கிளம்புற .490 உருண்டை 100 யார்டு போறதுக்குள்ள 1100 பக்கம் வந்து நிக்கும், சக்தி கிட்டத்தட்ட 1270 அடி பவுண்டுல இருந்து 500க்கும் கீழ. வாயில 100 அடி வேகம் கூட்டினாலும் அங்க போய்ச் சேரும்போது அதுல பாதி கூட மிஞ்சாது, உதையும் புகையும்தான் மிச்சம். தூரத்துல பலம் வேணும்னா காலிபரை ஏத்தணும், இல்ல கோனிகல் போகணும், மருந்தைக் கொட்டிப் பிரயோஜனம் இல்ல. பக்கவாட்டுக் காத்தும் உருண்டையைத் தள்ளும், மணிக்கு 10 மைல் காத்துக்கே 100 யார்டுல கிட்டத்தட்ட ஒரு சாண் நகரும், அது மானோட நுரையீரல்ல குறி வெச்ச இடத்தை விட்டு விலகிப் போற அளவு.

இன்லைன்ல சாபோ, கோனிகல் சுடுறவங்களுக்கும் இதே ஏணிதான், 70ல ஆரம்பிச்சு அஞ்சு அஞ்சா ஏத்துங்க. பெட்டியில 150 வரைக்கும் போகலாம்னு போட்டிருந்தாலும் பெரும்பாலான பேரல் 100க்கும் 110க்கும் நடுவுலயே சமத்தா சுடும். சாபோல குரூப் வரலைன்னா சாபோவை மாத்திப் பாருங்க, கெட்டியா இறங்குறது ஒரு பேரலுக்கு, லூசா இறங்குறது இன்னொண்ணுக்கு ஒத்துவரும்.

முதல் ஷாட்தான் வேட்டை

காட்டுல நீங்க சுடப் போறது சூடான, அஞ்சு ஷாட் போன பேரல்ல இல்ல. ராத்திரி பூரா குளிர்ல கிடந்த, சுத்தமான பேரல்ல ஒரே ஒரு ஷாட். அந்த ஷாட் எங்க விழுதுன்னு தெரியணும். லோடை முடிவு பண்ணின பிறகு ஒவ்வொரு தடவை ரேஞ்ச் போகும்போதும் முதல் ஷாட்டை ஒரே பேப்பர்ல சுட்டு, அந்தப் பேப்பரைப் பத்திரமா மடிச்சு வெச்சுக்குங்க, அடுத்த தடவை அதே பேப்பர், அதே முதல் ஷாட். இந்த ஓட்டைகள் சேந்து ஒரு குரூப்பா நிக்கும், அதுதான் நிஜ குரூப். அது மத்த ஷாட்டோட சேராம ரெண்டு இஞ்ச் தள்ளி நின்னா, எண்ணெய் சரியாப் போகலைன்னு முதல்ல பாருங்க, அப்பவும் தள்ளி நின்னா சைட்டை அந்த முதல் ஷாட்டுக்குத்தான் வைக்கணும், மத்த நாலுக்கு இல்ல. சில பேரு ஒரு ஷாட் சுட்டு லேசாத் துடைச்சிட்டு கெட்டிச்சு வேட்டைக்குப் போவாங்க, அப்படின்னா ப்ராக்டிஸும் அதே நிலைமையில பண்ணணும்.

இப்ப சைட்டைத் திருகலாம். இந்த .50 உருண்டையை 75 யார்டுல மையத்துக்கு வெச்சா 50ல ஒரு இஞ்ச் மேல, 100ல ரெண்டு மூணு இஞ்ச் கீழ வரும். உங்க துப்பாக்கியில சரியா எவ்வளவுன்னு மூணு தூரத்துலயும் சுட்டுப் பாத்து எழுதிக்குங்க, இங்க இருக்கிற நம்பரை நம்பிட்டுப் போகாதீங்க.

பெஞ்ச் வேலை முடிஞ்சதும் பெஞ்சை மறந்துடுங்க. உக்காந்து, முட்டி போட்டு, ஷூட்டிங் ஸ்டிக் வெச்சு, நின்னுக்கிட்டு, ஆறு இஞ்ச் பேப்பர் தட்டைக் குறி வெச்சு சுடுங்க. எல்லா ஷாட்டும் தட்டுக்குள்ள விழுற கடைசி தூரம் எதுவோ அதுதான் உங்க வேட்டை தூரம். அது 60 யார்டுன்னா 60தான், 61ல பெரிய கொம்பு நின்னாலும் விட்டுடணும். ஃப்ளின்ட்லாக்காரங்களுக்கு இங்க கூடுதல் வேலை, கிண்ணத்துல பொறி பறந்து உள்ள பத்துற வரைக்கும் கண்ணை மூடாம துப்பாக்கியை அசைக்காம நிக்கணும், அது பழகுறதுக்கே தனியா மருந்து செலவாகும்.

காட்டுக்குப் போகும்போது

நிப்பிள்ல கேப்பு இறுக்கமா உக்காரணும், ஈரம் பிடிக்கிற இடத்துல அடியைச் சுத்தி கொஞ்சம் தேன்மெழுகு தடவலாம். வாய்ல ஒரு டேப் ஒட்டிட்டா மழை உள்ள போகாது. குளிர்ல சுத்தின துப்பாக்கியை சூடான ரூமுக்குள்ள கொண்டு வந்தீங்கன்னா உள்ள வேர்த்துடும், காலையில மருந்து ஈரம். கேப்பை எடுத்துட்டு, பத்திரமா பூட்டின குளிர் இடத்துல வைக்கணும். நிறைய மாநிலத்துல கேப்பு எடுத்தாலே அன்லோடட்னு கணக்கு, வண்டியில கொண்டு போகும்போது உங்க மாநிலம் என்ன சொல்லுதுன்னு பாருங்க. ஆனா சட்டம் என்ன சொன்னாலும் மருந்தும் குண்டும் உள்ள இருக்கிற துப்பாக்கி லோடட் துப்பாக்கிதான், அப்படித்தான் கையாளணும்.

ரெண்டாவது ஷாட்டுக்கு அளந்த மருந்தை சின்னக் குழாய்ல போட்டு, குண்டும் கேப்பும் சேத்து பாக்கெட்ல வையுங்க. சுட்டதும் புகை கண்ணை மறைச்சிடும், மிருகம் எங்க நின்னது, எந்தப் பக்கம் போச்சுன்னு ஒரு மரத்தையோ பாறையையோ அடையாளம் வெச்சுக்கிட்டு, இடத்தை விட்டு அசையாம முதல்ல கெட்டிக்கணும். குறி எப்பவும் முன்னங்காலுக்குப் பின்னாடி, நுரையீரல் இருக்கிற இடம். நேரா முகத்தைக் காட்டி நிக்கிறதையும் பின்பக்கம் காட்டிப் போறதையும் உருண்டைக் குண்டால சுடாதீங்க, அவ்வளவு ஆழம் போகாது.

திரும்பி வந்த அன்னைக்கே கழுவணும். கருமருந்து எரிஞ்சா பாதிக்கு மேல திடக் கசடாவே மிஞ்சும், அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து ராத்திரியோட ராத்திரியா துருவாக்கிடும். சுடுதண்ணியும் சோப்பும் போதும், நல்லா காயவெச்சு எண்ணெய் போட்டு, அடுத்த நாள் ஒரு வெள்ளைத் துணி விட்டுப் பாருங்க, பழுப்பா வந்தா திரும்பக் கழுவணும். பிளாக்ஹார்ன் மட்டும் தண்ணிக்குக் கரையாது, அதுக்கு சால்வெண்ட் வேணும்.

லோடு கிடைச்சதும் மருந்து பேரு, எஃப், லாட் நம்பர் (எந்தத் தயாரிப்புத் தொகுதின்னு டப்பாவுல இருக்கிற நம்பர்), அளவு, குண்டு, துணி தடிமன், லூப், கேப்பு, எல்லாத்தையும் ஒரு அட்டையில எழுதி துப்பாக்கிப் பெட்டியில ஒட்டிடுங்க. ஒத்துவந்த மருந்துல அதே லாட்டா ரெண்டு மூணு டப்பா சேத்து வாங்கி வையுங்க, புது லாட் டப்பா திறந்தா சீசனுக்கு முன்னாடி மறுபடி 50 யார்டுல ஒரு அஞ்சு ஷாட், ரெண்டு கிரெயின் மேல கீழ மாத்த வேண்டி வரலாம்.